தேய்ந்த ரேகை – கடிதம்

அன்புள்ள சார்,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். கைரேகை நிபுணராக ஆசை. எம்.எஸ்சி. தடய அறிவியல் முடித்தால் நேராக அந்த வேலைக்குப் போய்விடலாமா? அப்பா துறைமுகத்தில் லோடு வேலை. ஃபீஸுக்குக் கடன்தான் வாங்க வேண்டும். "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துடும், நீ எதுக்கு?" என்கிறான் தம்பி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் கடன் விஷயம். தமிழ்நாட்டில் கைரேகைப் பிரிவு தடய அறிவியல் துறையில் இல்லை. காவல்துறையின் மாநில குற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம், பதவி எஸ்.ஐ. (விரல்ரேகை). 2018-ல் எடுத்தார்கள். கேட்டது அறிவியல் பட்டம், எம்.எஸ்சி. அல்ல. உள்ளே போன பிறகுதான் உண்மையான படிப்பு. மத்திய விரல்ரேகைப் பிரிவு நடத்தும் அகில இந்தியத் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் தேறியவரைத்தான் நிபுணர் என்கிறார்கள்.

எம்.எஸ்சி. வீண் என்று சொல்லவில்லை. விஷம், டி.என்.ஏ., துப்பாக்கி, கையெழுத்து என்று பலவற்றோடு கைரேகையும் அதில் ஒரு பாடம். காகிதத்தில் பதிந்த வியர்வையை நின்ஹைட்ரின் ஏன் ஊதா நிறமாக்குகிறது, பிளாஸ்டிக் கவரில் ரேகை எடுக்க சூப்பர் க்ளூ ஆவி ஏன் உதவுகிறது என்றெல்லாம் கற்றுத் தருவார்கள். ஆய்வகத்தில் உட்கார ஆசையென்றால் படியுங்கள். ரேகை மட்டும்தான் வேண்டுமென்றால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

தம்பிக்கு ஒரு கதை. 2004-ல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர் வைத்திருந்த பையில் ஒரு ரேகை கிடைத்தது. எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டர் இருபது பேரைப் பட்டியலிட்டது. நாலாவதாக இருந்தவர் பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர். அவருடையதுதான் என்று அனுபவசாலிகள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கடைசியில் ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை வேறொருவருடையது என்று காட்டியது. பட்டியல் போட்டதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிந்துவிட்டது, தவறு மனிதக் கண்ணில். நம் நாட்டுப் போலீஸின் ரேகை தேடும் கம்ப்யூட்டர் அமைப்பான நாஃபிஸும் பட்டியல்தான் தரும்.

இதைவிட எனக்கு உறைத்தது 2006-ல் வந்த ஒரு ஆய்வு. ஐந்து நிபுணர்களிடம், முன்பு அவர்களே 'ஒன்றுதான்' என்று முடிவு சொன்ன ரேகைகளை மறுபடி கொடுத்து, இது மேஃபீல்ட் வழக்கில் தவறாகப் பொருத்திய அந்த ரேகை என்று சொல்லி வைத்தார்கள். நாலு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்தே நழுவிவிட்டார்கள். ஸ்டேஷனில் "இவன்தான் சார், ஒத்துக்கிட்டான்" என்று சொல்லி ரேகையை நீட்டும்போது உங்கள் கண் என்ன செய்யும்? "போதவில்லை, சொல்ல முடியாது" என்று எழுதித் தரும் தெம்புதான் இந்த வேலையில் அரிதான சரக்கு. எந்த செமஸ்டரிலும் அதற்கு மார்க் கிடையாது.

ஒரு புலம்பல்: உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அங்கே வேலை பார்த்த நம் ஊர் போலீஸ்காரர்கள் அஜீஜுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். பெயர் மட்டும் அவர்களின் ஆங்கிலேய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு: 'ஹென்றி முறை'.

காசிமேட்டில் இறால் உரிக்கும் என் பெரியம்மாவுக்கு ரேஷன் கடை மெஷினில் விரல் பதியவே பதியாது. "எனக்கு ரேகையே இல்லப்பா" என்று சிரிப்பார். ரேகை இருக்கிறது. மேல்தோல்தான் தேய்ந்திருக்கிறது. அச்சு அடித்தோலில் இருக்கிறது. தாயின் வயிற்றிலேயே விழுந்த அச்சு. நாலு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தால் அதே வரி, அதே வளைவு திரும்பி வரும். வேலைக்குப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா உட்கார்ந்திருக்கும்போது ஸ்டாம்ப் பேடில் அவர் பத்து விரலையும் வெள்ளைத்தாளில் பதியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி. தங்கசாலைப் பக்கம் ஒரு லென்ஸ் வாங்கி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பென்சிலால் குறியுங்கள். அரை மணி நேரத்தில் அலுப்பு தட்டினால் எழுதுங்கள், வேறு வேலை பேசுவோம்.