மூடிய அறையில் ட்ரெட்மில்: ஆக்சிஜன் போதுமா?

கேள்வி: ஜன்னலைச் சாத்தி, ஏ.சி. போட்டு அரை மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓடுகிறேன். போகப்போக மூச்சு முட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்து வெள்ளை அணுக்கள் பாதிக்கப்படுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 36,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 20.9 சதவீதம், சுமார் 7,500 லிட்டர், ஆக்சிஜன். மிதமாக ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால், அரை மணியில் செலவாவது 45 லிட்டர். வெளிக்காற்று துளிகூட உள்ளே வராவிட்டாலும் 20.9 என்பது 20.8 ஆகும், அவ்வளவுதான். ரத்தத்துக்கு அது உறைக்கவே உறைக்காது.

முட்டுவது போலிருப்பதற்குக் காரணம் சூடு, வியர்வை ஈரம், கரியமில வாயு. அதே அரை மணியில் சுமார் 40 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறீர்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருப்பது, அறைக்குள் 1,500ஐத் தொட்டுவிடும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து, ஒன்றின் பக்கம் ஃபேனை வெளிப்புறம் பார்த்து வையுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் அறைக்கதவையும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: கடுமையாகப் பயிற்சி செய்து முடித்த ஒன்றரை மணி நேரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். வெள்ளை அணு வகைகளில் லிம்போசைட் குறைவு, நியூட்ரோஃபில் அதிகம் என்று வந்தது. எதிர்ப்பு சக்தி இறங்கிவிட்டதா?

பதில்: இல்லை. தவறான நேரத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, ரத்த ஓட்டம் வேகமெடுக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை அணுக்களும் மண்ணீரலில் தங்கியிருந்தவையும் ரத்தத்தில் இறங்குகின்றன. அட்ரினலினுக்கு மற்ற லிம்போசைட்டுகளைவிட வேகமாக அசைந்து கொடுப்பவை இயற்கைக் கொல்லி செல்கள். அவை பல மடங்கு கூடும். ஓய்ந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் லிம்போசைட் எண்ணிக்கை பழைய அளவுக்கும் கீழே போகும். இதைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் ‘கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது’ என்றார்கள். செல்கள் பெரும்பாலும் சாகவில்லை, ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போகின்றன என்ற விளக்கமே இன்று வலுவாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் எண்ணிக்கை திரும்பிவிடும். நியூட்ரோஃபில் சில மணி நேரம் உயர்ந்தே நிற்பதும் இயல்புதான்.

முந்தைய நாள் கடும் பயிற்சியை விட்டுவிட்டு, காலையில் ஓடுவதற்கு முன் மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் குறைவாக வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு இடையே ஆக்சிஜன் கேன் முகர்ந்தால் எதிர்ப்பு செல்களுக்குத் தெம்பு கிடைக்குமா?

பதில்: நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு அது வீண் செலவு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. 100 மில்லி ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் சுமார் 20 மில்லி. முழுக்கச் சுத்த ஆக்சிஜனையே சுவாசித்தாலும் கூடுதலாகக் கரைவது 2 மில்லி போல. கேனை எடுத்ததும் அதுவும் சில நிமிடங்களில் போய்விடும்.

போகட்டும், எதிர்ப்பு செல்கள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேலை செய்யப் பழகியவை. நிணநீர்க் கணுக்களிலும் வீங்கிய புண்ணிலும் ஆக்சிஜன் குறைவுதான். அங்கே எச்.ஐ.எஃப் என்ற புரதம் சிதையாமல் நின்று, செல்லை ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்துப் பிழைக்கும் முறைக்கு மாற்றுகிறது; நியூட்ரோஃபில்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உயிரோடிருக்கின்றன. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான் 2019 மருத்துவ நோபல் கிடைத்தது.

கேள்வி: ஓடும்போது விரல் ஆக்ஸிமீட்டர் 88 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கை ஆடினால், விரல் சில்லிட்டிருந்தால், நகச்சாயம் இருந்தால் கருவி தப்பாகக் காட்டும். நின்று, கையை நெஞ்சோடு அசையாமல் வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். அப்போதும் 94க்குக் கீழேயே இருந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.