பெயிண்ட் டப்பாவும் ஞானபீடமும்

கேள்வி: இந்தியில் சினிமாவும் சீரியலும் எடுத்த குல்சாருக்கு, இலக்கியத்துக்கான ஞானபீட விருதைக் கொடுக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருடமாகக் கார் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டே கவிதை எழுதுகிறேன். நீங்கள் ஒன்றைக்கூடப் போடவில்லை. சினிமாக்காரன் எழுதினால்தான் கவிதையா?
– ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: வம்புக்கு இழுக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா தம்பி? குல்சார் உங்கள் தொழில்காரர். பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட அந்த மனிதர், பம்பாயில் ஒரு கார் பட்டறையில்தான் பிழைத்தார். அடிபட்டு வந்த வண்டிக்குப் பழைய நிறத்தோடு ஒட்டிப்போகிற மாதிரி பெயிண்ட் கலக்க வேண்டும். வெயிலில் வெளுத்த கதவுக்கும் புதிதாக மாற்றிய பேனட்டுக்கும் ஒரே வெள்ளை ஒத்துவராது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சினிமாவுக்குப் பாட்டெழுத அவர் ஆலாய்ப் பறக்கவில்லை. கவிஞர் சைலேந்திரா வற்புறுத்தித்தான் 1963-ல் வந்த 'பந்தினி'க்கு ஒரு பாட்டு எழுதினார். அப்புறம் அதன் இயக்குநர் பிமல் ராயிடம் உதவியாளர் வேலை. தானே இயக்கிய முதல் படம் வந்தது 1971-ல். நீங்கள் உதட்டைப் பிதுக்குகிற அந்த 'சீரியல்' 1988-ல் தூர்தர்ஷனில் வந்தது. மிர்ஸா காலிப் என்கிற உருதுக் கவிஞரின் வாழ்க்கை, கடனும் சூதாட்டமும் உட்பட. நஸீருத்தீன் ஷா காலிபாகவே உட்கார்ந்திருப்பார். மாமியார்-மருமகள் சண்டையோடு இதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

சினிமாவுக்கான தாதாசாகேப் பால்கே விருதை அவருக்குத் தனியாகக் கொடுத்தாயிற்று. 2023-க்கான ஞானபீடம் உருது எழுத்துக்கு. 2002-ல் வாங்கிய சாகித்ய அகாதெமி, சிறுகதைகளுக்கு!

இனி உங்கள் கவிதைகள். கட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நிலா, தேவதை, கண்ணீர். பட்டி தேய்க்கிற உப்புத்தாள் எங்கே? சட்டையை விட்டுப் போகாத தின்னர் வாசம் எங்கே? தொப்பூர் கணவாயில் அடிபட்ட வண்டிகள் உங்கள் பட்டறைக்கு வராமலா இருக்கும்? சீட்டுக்கடியில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து எங்கே வைத்தீர்கள்? அந்த வண்டியை விலைபேச வந்தவரிடம் "சின்ன உரசல்தாங்க" என்று முதலாளி சொன்னபோது, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்? பன்னிரண்டு வருடத்தில் இதில் ஒரு வரிகூட உங்கள் நோட்டுக்குள் வரவில்லை. நான் எதைப் போடுவது?

குல்சார் 'திரிவேணி' என்று மூன்று வரியில் ஒரு வடிவம் வைத்திருக்கிறார். முதல் இரண்டு வரி தாமே முடிந்து நிற்கும். மூன்றாவது வந்து அவற்றின் அர்த்தத்தையே புரட்டிப் போடும். அந்தச் செருப்பை மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே இடம் ஒதுக்குகிறேன். நிலா வேண்டாம். தபால்தலை மட்டும் சரியாக ஒட்டுங்கள்; போன தடவை உங்கள் கட்டுக்குத் தண்டம் கட்டி வாங்கியது நான்.