அமெரிக்காவில் ஞானஸ்நானப் பதிவேடா? முதலில் ஆதாரைப் பாருங்கள்

கேள்வி: நான் திருமணமாகி செகந்திராபாத்தில் இருக்கிறேன். கணவர் குடும்பம் மகபூப்நகர் மெனோனைட் பிரதரன் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) சபையைச் சேர்ந்தது. மாமனாரின் அப்பா அங்கே மிஷன் பள்ளி ஆசிரியர். மாமனார் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். இப்போது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஓய்வூதிய ஆணையில் அவர் பிறந்த ஆண்டு 1938, ஆதாரில் 1941. பிறப்புச் சான்று கிடையாது. “மிஷன் பதிவேடுகள் எல்லாம் அமெரிக்கா போய்விட்டன, ஞானஸ்நானச் சான்றை ஒரிஜினலாக வரவழைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணமும் வேண்டாம்.

அந்த ஆள் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. அமெரிக்க மெனோனைட் பிரதரன் மிஷனின் ஆவணங்கள் கலிபோர்னியாவில், ஃப்ரெஸ்னோ நகரத்திலுள்ள மெனோனைட் பிரதரன் ஆய்வு மையத்தில் இருப்பது நிஜம். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவை மிஷன் நிர்வாகத்தின் காகிதங்கள்: வாரியக் கூட்டக் குறிப்புகள், மிஷனரிகளின் கடிதங்கள், ஆண்டறிக்கைகள், போட்டோக்கள். ஆண்டறிக்கையில் “இவ்வருஷம் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் இத்தனை பேர்” என்று எண்ணிக்கை வரும், பெயர் வராது. போட்டோவின் அடியில்கூட மிஷனரியின் பெயர் முழுசாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் வெறும் ‘நம் பிரசங்கியார்’. பெயர் எழுதிய நோட்டு எங்காவது மிஞ்சியிருந்தால் அது மகபூப்நகர் சபையின் பீரோவில்தான் இருக்கும், தெலுங்கில்.

அப்படியே கிடைத்தாலும் உங்கள் வேலைக்கு அது உதவாது. மெனோனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானே விசுவாசத்தை அறிக்கை செய்தவருக்குத்தான் கொடுப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்றதே இதற்காகத்தான். ஆகவே உங்கள் மாமனார் பெயருக்கு எதிரே இருக்கப்போவது அவர் வாலிபத்தில் தண்ணீரில் இறங்கிய தேதி. அதை வைத்து 1938-ஆ, 1941-ஆ என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்யலாம்? 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றுதான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்கு, துறை சான்றளித்த ஓய்வூதிய ஆணையே போதும். இது கவுண்டரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாத மாதிரி “பர்த் சர்டிபிகேட் எங்கே?” என்று கேட்பதும், அதைக் கேட்டு எண்பது தாண்டிய மனிதர்கள் வாசல் வாசலாக அலைவதும் இன்னும் நின்றபாடில்லை. பிறப்பையே பதியாத கிராமத்தில் பிறந்தவர் சான்றுக்கு எங்கே போவார்?

உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆதார்தான். அதை ஓய்வூதிய ஆணைப்படி 1938 என்று திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் சாதாரணமாக மாற்ற விடுவார்கள். ஆதார் மையத்தில் அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டால் அந்த ஒரு வாய்ப்பும் போயிற்று. பக்கத்திலேயே நின்று, திரையில் ஆண்டைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கூடுதல் ஆதாரம் வேண்டுமென்றால் மாமனார் படித்த மிஷன் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள், ஞானஸ்நான நோட்டை அல்ல. நிஜாம் காலத்துப் பதிவில் ஆண்டு பசலியில் (நிலவரிக்கான பழைய ஆண்டுக் கணக்கு) இருக்கலாம். நம் ஊர் அடங்கலில் (கிராம நிலப் பதிவேடு) வருகிற அதே பசலிதான், ஆனால் நமக்கு ஜூலையில் பிறக்கும், நிஜாமுக்கு அக்டோபரில். 1348 என்று இருந்தால் 590 கூட்டுங்கள்: 1938. ஜனவரியோ அதற்குப் பிந்தைய மாதமோ என்றால் 1939. ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) என்று நினைத்துக் கணக்குப் போட்ட ஒருவர் மாமனாரை 1929-இல் பிறக்க வைத்துவிடுவார்.

இந்தத் தரகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர்கள் கொண்டுவருகிற ‘ஒரிஜினல்’ பெரும்பாலும் உள்ளூர் லெட்டர்பேடில் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது. சபைச் சொத்துக்கு வழக்கு நடக்கிற இடங்களில் இரண்டு கோஷ்டி, இரண்டு லெட்டர்பேட், இரண்டு முத்திரை. எது செல்லும் என்பது கோர்ட்டுக்கே தெரியாது. பணம் கேட்பவரிடம் “எந்தத் தொகுப்பு, எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நிஜமாகக் காப்பகத்தில் தேடியவர் வாய் திறந்தவுடன் சொல்லிவிடுவார். இன்னொன்று: ஞானஸ்நானச் சான்று என்று எதையும் அரசு அலுவலகத்தில் நீட்டுமுன் குடும்பத்தின் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆணைப்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தெலங்கானாவில் பி.சி.-சி (பிற்படுத்தப்பட்டோரில் ‘சி’ பிரிவு). பாஸ்போர்ட்டுக்கென்று கொடுத்த காகிதம் பிள்ளைகளின் வேலைக்கு வினையாக வந்து நிற்கும்.

பாஸ்போர்ட்டை விடுங்கள். கணவருடைய தாத்தாவின் கதைக்காகவே தேடுவதாக இருந்தால் ஃப்ரெஸ்னோவுக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம்; நகல் எடுக்கக் கட்டணம் உண்டென்றால் அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். அதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். பலர் இடறுவது இங்கேதான். மகபூப்நகர் முதலிலிருந்தே மெனோனைட் களம் அல்ல. பாலமூர் என்ற பெயரில் அது அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் நிலையமாக இருந்தது. மெனோனைட் பிரதரன் கைக்கு வந்தது 1937-இல். அதற்கு முன் தாத்தா வேலை பார்த்த பள்ளி பாப்டிஸ்ட் பள்ளி. நல்கொண்டா பக்கம் இன்னும் குழப்பம்: அங்கே 1890 வாக்கில் வந்த ஆபிரகாம் ஃப்ரீசன் ரஷ்யாவைச் சேர்ந்த மெனோனைட்தான், ஆனால் வேலை செய்தது பாப்டிஸ்ட் மிஷனின் கீழ். ஆள் மெனோனைட், அவர் எழுதிய அறிக்கைகள் பாப்டிஸ்ட் மிஷனுக்கு. ஆக 1937-க்கு முந்தையதை அட்லாண்டாவில் மெர்சர் பல்கலைக்கழகத்திலுள்ள அமெரிக்க பாப்டிஸ்ட் வரலாற்றுச் சங்கத்தில் கேட்க வேண்டும், பிந்தையதை ஃப்ரெஸ்னோவில். நாகர்கர்னூல், ஷம்ஷாபாத், தேவரகொண்டா போன்ற ஊர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, நேராக ஃப்ரெஸ்னோதான்.

எழுதும்போது தாத்தாவின் பெயரை மட்டும் கொடுத்தால் பதில் வராது. ஊரின் பழைய பெயர், பள்ளி, உத்தேச ஆண்டுகள், அப்போது அங்கிருந்த மிஷனரி தம்பதியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். கோப்புகள் மிஷனரி பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில்லை என்றால், பள்ளிக் கட்டடத்தின் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள்.