மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில், நம் கதாபாத்திரம் மற்றவர்கள் மனத்தில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

எட்டுப் பக்க முன்கதையோடு நான் கொண்டுபோன ஒரு கதாபாத்திரத்தை என் நண்பர்கள் மூன்றே வாரத்தில் மறந்தார்கள். தாளின் பின்புறத்தில் நான்கு வரி மட்டும் எழுதிக்கொண்டுபோன இன்னொரு கதாபாத்திரத்தைப் பற்றி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் பேசுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் நான் கற்றதையே பதிலாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்னும் ஊருக்கு அருகில், கடலை ஒட்டி இருக்கிறது. ஐந்து பேர் ஆடுகிறோம். அவர்களில் இருவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே எங்களுக்கு ஆட்டக்காலம். படகுகள் கரையேறிப் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும் அந்த நாட்களில், வெயில் தணிந்ததும் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். பெரியம்மா மகனான அண்ணன்தான் ஆட்டத்தை நடத்துகிறார். நாங்கள் ஆடுவது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு. ஆட்டத்தை நடத்துகிறவர் சூழலைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று என்ன செய்கிறோம் என்று சொல்லிக் கதையை நகர்த்துவோம். வலு, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், ஈர்ப்பு என்னும் ஆறு பண்புகளுக்கும் எண் உண்டு. நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, அவற்றில் குறைந்ததைக் கழித்து, மீதி மூன்றையும் கூட்டினால் ஒரு பண்புக்கான எண் கிடைக்கும். ஆட்டத்தின்போது செய்யத் துணியும் காரியம் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

என் முதல் கதாபாத்திரம், அழிந்துபோன துறைமுக நகரம் ஒன்றின் கடைசி இளவரசன். வலு 17. அவனுடைய குலம், பகைவர், இழந்த காதல், வாளில் பொறித்திருந்த வாசகம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் வாரத்தில் நண்பர் ஒருவர் அவனை ‘நம்ம வாள்காரன்’ என்று அழைத்தபோதுதான், அவனுடைய பெயர்கூட யாருக்கும் பதியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அன்றிரவு மனம் நொந்தேன் என்பது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த எட்டுப் பக்கங்களில் என் நண்பர்களுக்கு எந்த வேலையும் இல்லை. இளவரசனின் துயரம் முழுவதும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அதை அவர்கள் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு கதாபாத்திரம் வாழ்வதோ மறைவதோ உடன் ஆடுகிறவர்களின் நினைவில்தான் என்பதால், அவர்களுடைய கை படாமல் வளர்ந்த கதாபாத்திரத்தை அவர்கள் சுமந்து செல்லக் காரணமே இல்லை.

அடுத்த ஆண்டு பகடை என்னைக் கைவிட்டது என்றே முதலில் நினைத்தேன். உடல்திடத்துக்கு 6 விழுந்தது, வலு 12. அந்த 6-ஐ மாற்றித் தரும்படி அண்ணனிடம் கேட்க வாயெடுத்தபோது, சிறு வயதில் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய காலத்தில், மூழ்குகிறவரின் கயிற்றைப் படகில் இருந்தபடி பிடிக்கும் வேலையை அவருடைய மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். மூழ்கத் திராணியில்லாத ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? அந்த நொடியில் சூசை பிறந்தான்.

நான் எழுதிய நான்கு வரிகள் இவை: சூசைக்கு மூச்சு போதாது, அதனால் கயிறு பிடிக்கிறான். ஒருமுறை கயிற்றை விட்டிருக்கிறான், யாருடைய கயிறு என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. யார் இருட்டுக்குள் போனாலும் அவர் இடுப்பில் கயிறு கட்டி, திரும்பி வரும்வரை வாய்விட்டு எண்ணுவான். அவன் மைத்துனன் யார் என்று சொல்ல வேண்டிய நான்காவது வரியை மட்டும் வெற்றிடமாக விட்டு, விசைப்படகில் போகிற நண்பரிடம் காட்டி, “உன் ஆளுக்கு என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தா சரியா வருமா மச்சான்?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த வரியில் ‘மிக்கேல்’ என்று தம் கதாபாத்திரத்தின் பெயரை எழுதினார். இந்தக் கேள்விக்கு நான் தரக்கூடிய பதிலில் மிக முக்கியமான பகுதி இதுதான்: முதல் நாள் ஆட்டத்துக்கு முன்பே, உங்கள் கதாபாத்திரத்தின் வாழ்க்கையில் ஒரு பங்கை இன்னொருவர் கையில், அவருடைய முழுச் சம்மதத்தோடு, ஒப்படைத்துவிடுங்கள்.

விதிகளும் இதற்குத் துணை நின்றன. ஐந்தாம் பதிப்பின்படி, மூச்சை அடக்கும் நேரம் உடல்திடத்தைப் பொறுத்தது. 16 இருந்த மிக்கேலுக்கு நான்கு நிமிடம்; 6 இருந்த சூசைக்கு வெறும் 30 வினாடி. நீர் நிறைந்த சுரங்கம் ஒன்றுக்குள் மிக்கேல் இறங்கியபோது நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் மாடியில் இருந்த எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள், ஏனென்றால் 240-இல் மூச்சு முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். 190-ஐத் தாண்டியபோது நீரோட்டம் அவனை உள்ளே இழுப்பதாக அண்ணன் சொன்னார். இழுத்து மீட்க இலக்கு எண் 15. வலு 12 என்றால் பகடையில் விழுவதோடு 1 கூட்டலாம். ஆக 14-உம் அதற்கு மேலும் விழ வேண்டும். இருபது முகங்களில் ஏழு, அதாவது 35 சதவீத வாய்ப்பு. எனக்கு 9 விழுந்தது. “கயிறு கையை அறுக்குதுடா, விடுறியா?” என்று அண்ணன் கேட்டார். விடவில்லை என்றேன், சூசையின் உள்ளங்கை கிழிந்தது. அப்போது, ஐஸ் தயாரிக்கும் இடத்தில் கணக்கு எழுதும் நண்பர், யாரும் கேட்காமலே, தம் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி, “வேலாயி கயித்தப் புடிக்கிறா” என்றார். இன்னொருவர் உதவினால் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. வாய்ப்பு ஏறத்தாழ 58 சதவீதமாக உயர்ந்தது. 6-உம் 17-உம் விழுந்தன. எண்ணிக்கை 228-இல் நின்றது.

அந்த வேலாயியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவள் சூசையைவிடச் சிறந்த படைப்பு என்பது என் கருத்து. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணியை மட்டுமே எடுத்துக்கொண்டு நண்பர் ஒரு மருத்துவச்சியை உருவாக்கினார். காயம் ஆற்றும் மந்திரத்தை அவள் சொல்லும்போதெல்லாம் தன் விரலில் இருந்து ஒரு சுற்றுத் துணியை அவிழ்த்துக் காயம்பட்டவருக்குக் கட்டுவாள். எல்லா மருத்துவச்சிகளும் செய்கிற வேலைதான், ஆனால் அன்று சூசையின் உள்ளங்கையில் கட்டிய பிறகு அவள் விரல்கள் வெறுமையாகிவிட்டதை அவர் தாழ்ந்த குரலில் சொன்னபோது, சற்று நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. நீங்கள் கதாபாத்திரத்துக்குத் தரும் பழக்கம், ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு செயலோடு ஒட்டியிருக்கட்டும். வினோதமான குரலும் பேச்சும் இரண்டு நாளில் சலித்துவிடும். செயலோடு ஒட்டிய பழக்கமோ ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரும்.

நூல்களும் இதே திசையைக் காட்டுகின்றன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு, குணக்கூறுகள், இலட்சியம், பிணைப்பு, குறை ஆகியவற்றை எழுதச் சொல்கிறது; பலர் குறையை ஆர்வமாக எழுதிவிட்டு, பிணைப்பில் இறந்துபோன குருவையோ எரிந்துபோன ஊரையோ நிரப்புகிறார்கள். அந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கதாபாத்திரத்தை எழுதுங்கள். ஃபேட் கோர் என்னும் விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவருடைய முதல் சாகசக் கதைக்குள் மற்ற இருவரின் கதாபாத்திரங்கள் நுழைந்து உதவியதாகவோ சிக்கலாக்கியதாகவோ எழுதுவதை, கதாபாத்திரம் உருவாக்கும் முறையின் பகுதியாகவே வைத்திருக்கிறது. நாங்கள் வேறு விளையாட்டு ஆடினாலும் அந்த ஒரு படியை இரவல் வாங்கிக்கொண்டோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொந்தக் கூட்டாளிகளிடமே திருடி, எல்லோர் திட்டத்தையும் கெடுத்துவிட்டு, ‘என் கதாபாத்திரம் அப்படித்தான்’ என்று சொல்பவர்களும் நினைவில் நிற்பார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவர்களை அழைப்பதா என்ற யோசனையோடு நிற்பார்கள். குறை எழுதும்போது, அதன் விலையை முதலில் கொடுப்பது உங்கள் கதாபாத்திரமாகவே இருக்கட்டும். முன்கதையில் ஓர் இடத்தைக் காலியாக விடுவதும் நல்லது. சூசை முன்பு விட்டது யாருடைய கயிறு என்பதை நான் முடிவு செய்யாததால், இரண்டாம் ஆண்டு அண்ணன் அதை நிரப்பினார்: அது மிக்கேலின் தகப்பனுடைய கயிறு. அதை மிக்கேலிடம் சூசை சொன்ன இரவில் ஒரு பகடைகூட உருளவில்லை; நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கயிற்றை மறுபடியும் என்னிடமே நீட்டினார்.

சூசையின் கதை முடிந்துவிட்டது. வரும் தடைக்காலத்துக்காக, கிழிந்த வலைகளைப் பின்னித் தரும் ஒரு முதியவரை யோசித்து வைத்திருக்கிறேன். அவர் ஒரு வலையை மட்டும் வேண்டுமென்றே பின்னி முடிக்காமல் வைத்திருக்கிறார். அந்த வலை யாருடையது என்று ஐஸ் தயாரிக்கும் இடத்து நண்பரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.