இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும் கூம்புப் பல்

பாட்டில் பால் கொடுத்ததால்தான் உங்கள் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்குப் பல் கூம்பாக முளைத்ததோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டில் பால் காரணமில்லை. அதனால் பல் சொத்தையாகலாம், தாடைக்குள் உருவாகும் பல்லின் வடிவம் மாறாது. ஒன்பது வயது இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு மட்டும் முன்பல்லுக்கு அடுத்த பல் கூம்பாக முளைத்ததற்கு உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெரும்பாலும் இது மரபணுவால் வருவதுதான். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரிலும், பல்மொட்டு வளரும் இடத்தில் நேரும் சின்ன வேறுபாட்டால் ஒருத்திக்குக் கூம்புப் பல், மற்றவளுக்கு முழுப் பல் என்று அமையும். சில ஜோடிகளில் ஒருவருக்கு அந்தப் பல்லே இருக்காது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகம் பல வருடங்களாக இரட்டையரின் பற்களை ஆராய்ந்து வருவதே இதைப் புரிந்துகொள்ளத்தான்.

சித்தி, மாமா யாருக்காவது இப்படி உண்டா என்று கேளுங்கள். அப்புறம், கை கழுவிவிட்டு அவளுடைய மேல் ஈறின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோரைப் பல் வரும் புடைப்பு இரண்டு பக்கமும் தட்டுப்பட வேண்டும். பத்து வயதிலும் தட்டுப்படாவிட்டால் காத்திருக்காதீர்கள். பக்கத்துப் பல் கூம்பாக இருந்தால் கோரைப் பல் அண்ணத்துப் பக்கம் திரும்பும் வாய்ப்பு அதிகம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள், இரண்டு பேரையுமே.

ஒன்று மட்டும்: சின்ன வயதில் விழுந்து பால்பல்லில் அடிபட்டிருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.