எதுவரை வந்தீர்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். வயது 29. வேலை முடிந்து வந்து இரவில் கொஞ்ச நேரம் கேம் விளையாடுவதுதான் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு. கூட்டாளிகளில் ஒருவன் எக்ஸ்பெடிஷன் 33 என்கிறான், இன்னொருவன் சில்க்சோங் என்கிறான். தம்பியும் அவனுடைய செட்டும் விடியவிடிய ஃப்ரீ ஃபயர். நீங்கள் இப்போது எதை விளையாடுகிறீர்கள்?

நான் கம்பியூட்டரில் விளையாட ஹோலோ நைட் என்ற பூச்சி உலகச் சண்டைக் கேமை வாங்கினேன். மூன்று பூச்சி அரசிகள் வரும் இடத்தில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போய் அதை அழித்துவிட்டேன். வேலையில் வாங்குகிற பேச்சு போதாதா, வீட்டுக்கு வந்தும் தோற்க வேண்டுமா? தோல்வியே இல்லாமல் நிம்மதியாக விளையாடக்கூடிய ஒரு கேம் சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் வாங்கலாமா? காசு கொடுக்காமல் இறக்கி விளையாடுவது பிழையா? இந்த வயதில் கேம் என்ன என்று அம்மா ஏசுகிறார், அவருக்கு என்ன சொல்வது?

ச.,
உப்புவெளி

அன்புள்ள ச.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஹோலோ நைட் ஓடுகிற கம்பியூட்டர் உங்களிடம் இருக்கிறது, பிளேஸ்டேஷன் இப்போதைக்குத் தேவையில்லை. காசு கொடுக்காமல் இறக்குவது பிழை. நாலைந்து பேர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது. சம்பளத்துக்கு வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒருநாள் பக்கத்தில் இருத்தி, நீங்கள் விளையாடுவதை அவருக்குக் காட்டுங்கள்.

உங்கள் கூட்டாளிகள் இருவரும் நல்ல ரசனைக்காரர்கள். எக்ஸ்பெடிஷன் 33 பிரான்சின் மொன்பெலியே நகரத்தில் ஒரு புதிய குழு செய்த முதல் கேம். 2025 ஏப்ரலில் வந்து அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதை எடுத்தது. ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுக்கு ஒரு எண்ணை எழுதுவாள், அந்த வயதுக்காரர்கள் காற்றில் கரைந்துபோவார்கள். அப்படியொரு உலகம். மாறிமாறி அடிக்கிற பழைய முறைச் சண்டைதான், ஆனால் எதிரியின் கை இறங்கும் கணம் பார்த்து விசையை அழுத்தினால் அடி விழாது. சில்க்சோங் ஹோலோ நைட்டின் அடுத்த பாகம். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறிய குழு செய்தது. 2019இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4இல்தான் விட்டார்கள். வெளிவந்த நேரம் வாங்க வந்தவர்களின் நெரிசலில் இணையக் கடைகளே சிறிது நேரம் படுத்துவிட்டன. நான் விளையாடுவது பலாட்ரோ, 2024இல் கனடாக்காரர் ஒருவர் தனியாளாகச் செய்த சீட்டாட்டம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம். எட்டுக் கட்டம் தாண்ட வேண்டும், பெரும்பாலான இரவுகளில் தாண்டுவதில்லை.

இவ்வளவுக்கும் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த மூன்று அரசிகள்தான்.

என் தங்கச்சியின் மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. முடிவு வந்த அன்று வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, பாலையூற்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எத்தினை புள்ளி?" எண்ணைக் கேட்டதும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தப் பரவாயில்லையில் இருக்கும் ஏமாற்றம் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும். வீதிமுனையில் ரியூசன் நிலையமொன்று பதாகை கட்டியிருந்தது. சித்தியடைந்த பிள்ளைகளின் முகங்கள் வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றின் கீழும் புள்ளி. இவனோடு ஒரே வாங்கில் இருந்தவனின் முகமும் அதில் உண்டு. கடைக்கு அனுப்பினால் அந்த முனையில் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதித்துக் கடந்தான்.

தங்கச்சி செய்த முதல் வேலை, லப்டொப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டியது. "இந்தக் கேமாலதான் பிள்ளை கெட்டது" என்றாள். கொரோனா காலத்துச் சூம் வகுப்புக்கென்று வாங்கிய பழைய லப்டொப் அது. பரீட்சைக்கு முந்திய ஒரு வருஷம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம், ரியூசன், மாதிரி வினாத்தாள் தவிர வேறெதையும் கண்டதில்லை. கெட நேரம் ஏது? நான் சண்டை பிடித்துத்தான் சாவியை வாங்கினேன்.

அவன் விளையாடியது நீங்கள் அழித்த அதே ஹோலோ நைட். சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி இருந்து, பின்னேரம் முழுக்க அந்த மூன்று அரசிகளோடு மல்லுக்கட்டினான். அடிக்கிற விசை எக்ஸ், அதில் எழுத்தே தேய்ந்துபோய்விட்டது. உங்களுக்குத் தெரியும், முதலில் ஒருத்தி மட்டும் ஆசனத்திலிருந்து இறங்குவாள். அவளிடம் இருப்பது மூன்றே வித்தை: குறுக்கே பாய்வாள், தலைக்கு மேலிருந்து குத்துவாள், சுவரில் தொங்கிக்கொண்டு வளைந்து திரும்பி வரும் ஆயுதத்தை எறிவாள். அவளை வென்றால் மற்ற இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். அதே மூன்று வித்தைதான், ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

நான் குசினியில் நின்றேன். "பெரியம்மா!" என்று ஓடி வந்தான். "ரெண்டு பேரும் சேந்து வாற இடம் வரைக்கும் வந்திட்டன்!"

வென்றுவிட்டதாக நினைத்துப் போய்ப் பார்த்தால், செத்துக் கிடக்கிறான். தோற்றவன் முகம் மலர்ந்து வந்து, எதுவரை போனேன் என்று கணக்குச் சொல்கிறான். அந்தக் கிழமை முழுவதும் அவனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எந்தக் கணக்கை நன்றாகச் செய்தாய், எந்த இடத்தில் தடுமாறினாய் என்று தொலைபேசியில் வந்த ஒருவரும் கேட்கவில்லை, ஒரு எண்ணைத்தான் கேட்டார்கள்.

இதைத்தான் நான் கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு உங்களை இருத்திவைத்துச் சொல்லப்போகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தோற்பதற்கு ஒரு இடமில்லை. புலமைப்பரிசிலையே பாருங்கள். ஏறக்குறைய 3 இலட்சம் பிள்ளைகள், இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். வாழ்நாளில் ஒரே முறைதான் எழுதலாம். எழுதிய தாள் திரும்பி வராது. எங்கே பிழைத்தது என்று பிள்ளைக்குக் காட்ட யாருமில்லை. இலங்கையின் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த 1940களில், ஏழைப் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கென்று வந்த ஏற்பாடு இது. அதைப் பத்து வயதில் நெற்றியில் எண் ஒட்டுகிற சடங்காக மாற்றியது நாங்கள்தான், பெற்றோரும் சொந்தக்காரரும் பதாகை கட்டுகிறவர்களும்.

ஹோலோ நைட்டில் தோற்றால் என்ன நடக்கிறது? கடைசியாக இருந்து இளைப்பாறிய வாங்கில் எழும்புகிறீர்கள். செத்த இடத்துக்குப் பக்கத்தில் உங்களுடைய நிழல் ஒன்று காத்து நிற்கும், நீங்கள் சேர்த்த காசெல்லாம் அதனிடம். திரும்பிப் போய் அந்த நிழலை அடித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதற்கு முன் இன்னொரு தரம் செத்தால் அந்தக் காசு போய்விடும், ஆட்டம் போகாது. ஆக, தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை இந்தக் கேம் ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. போகும்போது முதல் தரம் தெரியாத ஒன்று இப்போது உங்களுக்குத் தெரியும்: அவள் பாய்வதற்கு முன் ஒரு கணம் பின்வாங்கி நிற்பாள். அதைக் கண்ணால் பிடித்த பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் சொல்வேன். தங்கச்சி ஒப்புக்கொள்ளமாட்டாள்.

டெட்ரிஸ் உங்களுக்குத் தெரியாமலிருக்காது. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. அதற்கு வெற்றி என்று ஒரு முடிவை யாரும் வைக்கவில்லை. கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும், வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் எல்லோரும் தோற்பார்கள். நிண்டெண்டோவில் 1989இல் வந்த பதிப்பை உலகமே விளையாடித் தோற்றது. 34 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 டிசம்பரில், அமெரிக்காவில் 13 வயதுப் பொடியன் ஒருவன் 157ஆம் கட்டம் வரை போய், கேமே உறைந்து நிற்கும்படி செய்தான். அதற்கு முன் எந்த மனிதரும் அந்தப் பதிப்பை அப்படி நிறுத்தியதில்லை. அந்த 34 ஆண்டும் தோற்றவர்கள் எல்லோரும் நேரத்தை வீணாக்கியவர்களா? அவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்துச் சொன்ன விரல் வித்தைகளை வைத்துத்தான் அவன் அவ்வளவு தூரம் போனான்.

உங்கள் தம்பியின் ஃப்ரீ ஃபயரில் எனக்குப் பிடிக்காதது துப்பாக்கியல்ல. 50 பேர் இறங்கினால் ஒருவர் அல்லது ஒரு குழு மிஞ்சுகிற ஆட்டம், நினைவு கொஞ்சமாக உள்ள மலிவுப் போனிலும் ஓடும், அதனால்தான் எங்கள் பொடியன்களிடம் அப்படிப் பரவியது. கூட்டாளிகளோடு கத்திக் கதைத்து விளையாடுவது நல்ல சந்தோஷம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இந்த வகைக் கேம்கள் புதிதாக வருபவனுக்குக் கணினி இயக்கும் பொம்மை ஆட்களை இறக்கிவிட்டு, அவர்களைச் சுட்டு வெல்ல வைக்கும். தன் கெட்டித்தனத்தால் வென்றதாகப் பிள்ளை நினைப்பான். பிறகு உண்மையான ஆட்களிடம் அடி வாங்கும்போது, எங்கே பிழை விட்டோம் என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை, அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். தோல்வியை மறைக்கப் புது உடுப்பும் புதுத் துவக்கும் டயமண்ட் என்கிற கேம் காசு விலையில் கடையில் தொங்கும். ரீலோட் காசை மிச்சம்பிடித்து டயமண்ட் வாங்குகிற பொடியன்களை இந்த ஊரில் நான் அறிவேன். தம்பியை ஏசவேண்டாம். பக்கத்தில் போய் இருங்கள், எப்படிச் செத்தாய் என்று கேளுங்கள்.

தோல்வியே இல்லாத கேம் கேட்டீர்கள். எல்லோரும் ஸ்டார்டூ வேலியைத்தான் சொல்வார்கள். எரிக் பரோன் என்பவர் நாலு ஆண்டுக்கு மேல் தனியாளாகச் செய்து 2016இல் வெளியிட்ட தோட்டக் கேம், அருமையானது, வாங்குங்கள். ஆனால் அதிலும் பருவம் மாறும் நாளில் பிந்திய பயிர் செத்துக் கிடக்கும், இரவு இரண்டு மணி வரை வீட்டுக்கு வெளியே விழித்திருந்தால் மயங்கி விழுந்து காசைத் தொலைப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த வரி, "வேலையில் வாங்குகிற பேச்சு போதாதா" என்பது. இரண்டையும் ஏன் ஒரே கூடையில் போடுகிறீர்கள், தம்பி? அறையில் ஏசி வேலை செய்யவில்லை என்று ஒருவர் எல்லோருக்கும் முன்னால் உங்களைக் கத்தினால் அது அவமானம். நீங்கள் செய்த பிழையல்ல, திருப்பிச் சொல்லவும் ஏலாது, சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைச் சுமந்துகொண்டு இரவில் உப்புவெளிக்கு வருகிற உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த அரசி உங்களை அவமதிக்கவில்லை. நீங்கள் ஒரு கணம் பிந்திக் குதித்தீர்கள், அவள் குத்தினாள், அவ்வளவுதான். அவளுக்கு உங்கள் சம்பளமும் தெரியாது, ஊரும் தெரியாது. ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலவே எதிர்த்து நிற்பாள். நாள் முழுவதும் நீதியில்லாமல் பேச்சு வாங்குகிற மனுசனுக்கு, பிழையும் சரியும் உடனுக்குடன் தெரிகிற ஒரு இடம் வேண்டும். உங்களுக்கு வாய்த்த அப்படியான ஒரு இடத்தைத்தான் நீங்கள் அழித்துவிட்டு வந்து நிம்மதி கேட்கிறீர்கள்.

கடினமானதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. நியாயமில்லாத கடினமும் உண்டு. சில்க்சோங்கின் தொடக்கத்தில் வரும் சில எதிரிகள் மிஞ்சிப்போனதாகப் பலர் சொன்னதும், செய்தவர்களே சில நாட்களில் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார்கள். அந்த மூன்று அரசிகளிடம் அப்படி ஒரு குறையும் இல்லை. அவர்கள் நேர்மையானவர்கள். தோற்றதும் தலை வணங்குவார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கிராமத்துப் பூச்சிகள் உங்களைத் தாக்காது, நீங்கள் கடந்துபோகும்போது குனிந்து வழிவிடும். எங்கள் பொடியன் வென்ற அன்று போட்ட சத்தத்தில் படலைக்கு வெளியே நின்ற ஊர் மான்கள் டச்சு பே கடற்கரைப் பக்கம் பாய்ந்தோடின. ஓடிப்போய் அவன் முதலில் சொன்னது, பதாகையில் முகம் இருந்த அந்தக் கூட்டாளிக்கு. அந்தப் பிள்ளைக்கு இதைக் கேட்டு உண்மையாகவே பொறாமை. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து விளையாடினார்கள், தங்கச்சி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

கேமை அழித்தாலும் நீங்கள் சேமித்த ஆட்டம் அழியாது. திரும்ப இறக்குங்கள். அரசிகளிடம் உடனே போகவேண்டாம். முதலில் கண்ணீர் நகரத்துக்குப் போங்கள். அங்கே மேற்கு ஓரத்தில் கொல்லன் ஒருவன் இருக்கிறான், அந்த உலகத்துக் காசான ஜியோ 250 கொடுத்தால் ஆயுதத்தைத் தீட்டித் தருவான். அதோடு வாருங்கள். ஒருத்தி பாய்ந்து கடக்கும்போது ஒரு அடி மட்டும் அடியுங்கள், இரண்டாவதுக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் சாகிறார்கள். இருவர் சேர்ந்து வரும்போது காயத்தை ஆற்ற நிற்கவேண்டாம், தப்புவதில் மட்டும் கண்ணாயிருங்கள். அடுத்த கடிதத்தில் எதுவரை வந்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா