கதவைச் சாத்திவிட்டு யாரை வரைகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 19 வயது, ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டேன். கல்லடி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம் படிக்க ஆசை. முகம் வரைய வரும். முழு உருவம் மரப்பொம்மை போல நிற்கிறது. ஞாயிறுகளில் போனில் உள்ள படங்களைப் பார்த்து நாலு மணித்தியாலம் வரைகிறேன். முன்னால் வந்திருக்க ஆளில்லை. அம்மம்மா விறாந்தையில் பாய் இழைத்தபடி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பா, அதனால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். என்ன செய்யலாம்?

பதில்: மகள், ஆளில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அம்மம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவ ஆளில்லையா?

போன் படத்தில் உடம்பு ஏற்கெனவே தட்டையாகிவிட்டது. கிட்ட நின்று எடுத்த படமென்றால் முன்னுக்குள்ள முழங்கால் பெருத்து, பின்னால் தலை சிறுத்திருக்கும். அதையே பார்த்து வரைந்தால் அந்தப் பிழைதான் கையில் பழகும்.

பாய் இழைக்கும்போது அவ எப்படி இருக்கிறா என்று ஒருதரமாவது பார்த்தீர்களா? ஒரு கால் நீட்டி, மறுகால் மடித்து, முதுகு வளைந்து, பாரம் ஒரு பக்க இடுப்பில். பாய்க்கான பன் புல்லை எடுக்கப் போகும் கை திரும்ப அதே இடத்துக்கு வரும். ஒரே தாளில் மூன்று உருவம் தொடங்குங்கள்: கை எட்டும்போது ஒன்று, மடக்கும்போது ஒன்று, குனிந்து அழுத்தும்போது ஒன்று. அவ அந்த நிலைக்கு வரும்போதெல்லாம் அந்த உருவத்தில் இரண்டு கோடு சேருங்கள். முதல் வாரம் கண், மூக்கு வேண்டாம். உச்சியிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும் வளைவை 30 செக்கனில் பிடியுங்கள், போதும்.

அப்புறம் அளவு. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, அவவின் தலை உயரத்தைப் பென்சிலில் அளந்துகொள்ளுங்கள். நிற்கிற ஆள் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் என்று படித்திருப்பீர்கள். நிலத்தில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு சரிவராது; நீட்டிய கால் உங்கள் பக்கம் பார்த்தால் இன்னும் குறுகும். ஒவ்வொரு தரமும் அளக்கத்தான் வேண்டும். எலும்பு படிக்கவும் வயதானவர்களே நல்லது. காறையெலும்பு, முழங்கை முட்டு, மணிக்கட்டு எல்லாம் தோலுக்கு மேலே தெரியும். புத்தகத்தில் ஒரு எலும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவவில் தேடுங்கள்.

ஞாயிறு நாலு மணித்தியாலத்தை விடுங்கள். தினமும் 20 நிமிடம்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். கதைக்க ஆளில்லாமல் ஒரு வயதான மனுசி விறாந்தையில் இருக்க, பேத்தி உள்ளே யாரோ ஒருவரின் உடம்பை வரைந்துகொண்டிருப்பது சரியில்லை. பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது வீட்டுப் பிள்ளைகளின் கடமை. படிப்பைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. கோடு போட்டுக்கொண்டே பதில் சொல்லலாம். கதைக்கும்போது கழுத்தும் தோளும் அசைகிற விதத்தைப் போன் காட்டாது.

முதலில் அவவிடம் கேளுங்கள். சம்மதித்தால் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துவிட்டு, ஐந்தாறு முழம் தள்ளி இருங்கள். கிட்ட இருந்தால் முழு உருவமும் ஒரே பார்வையில் அடங்காது.